விண்ணப்பத்தில் நீ எழுதாத அண்ணன்

சின்னவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். மனதைப் பற்றிக் கேட்காதே. நான்கு நாளாக உன் அம்மா என்னோடு பேசுவதில்லை, தட்டை மேசையில் டக்கென்று வைக்கிறாளே அந்தச் சத்தம்தான் எங்களுக்குள் பேச்சு. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அம்மா சொல்லியிருந்தால் அழுகையில் பாதிதான் உனக்கு விளங்கியிருக்கும், அதனால் எழுதுகிறேன், கடைசி வரை படி.

திங்கட்கிழமை ராணுவ அகாடமியிலிருந்து உன் விண்ணப்பத்தைச் சரிபார்க்க ஆள் வந்தார். அவர் வருவது எனக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. பட்டறையில் லேத் பெல்ட் அறுந்துபோனதால் மதியமே வீடு திரும்பினேன். முன்னறையில் ஒருவர் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருக்கிறார், அம்மா சொந்த வீட்டிலேயே விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாள், சுவரில் உன் அண்ணன் சீருடையில் நிற்கும் படத்தைக் காணோம், ஆணி மட்டும் இருக்கிறது. அவர் நீ எழுதியதை வாசித்துக் காட்டினார். உடன்பிறந்தோர், இல்லை. "சரிதானுங்களா ஐயா, ஒரே பொண்ணுதானே?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஆனாலும் சொன்னேன். "இல்லீங்க, எனக்கு ரெண்டு பிள்ளைங்க. பெரியவன் உங்ககிட்டதான் இருந்தான், எட்டாவது மாசம் முட்டிய ஒடச்சு அனுப்பி வச்சீங்க" என்றேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

உன் அண்ணனை அம்மா காலையிலேயே சித்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். சாயங்காலம் கடைப் பையோடு நொண்டிக்கொண்டு வந்தவனிடம் உனக்கும் இது தெரியுமா என்று கேட்டேன். "அவ கேட்டாப்பா, நாந்தான் சரின்னேன். நான் இல்லாம இருந்தா அவளுக்குக் கெடைக்கும்னா இல்லாமலே இருந்துட்டுப் போறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். பெற்றவன் காதால் கேட்கக் கூடாத வார்த்தை அது, அதை அவன் வாயில் வைத்தது நீ. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களிடம்கூட நிறையச் சோறு இருக்கும், உன்னிடம் ஒரு பிடிகூட இல்லை. அவன் பெயருக்கு முன்னால் இருக்கும் என் பெயர்தான் உன் பெயருக்கு முன்னாலும் இருக்கிறது, நான் அவர்களுக்கு எழுதிய பதினேழு மனுவிலும் இதே வீட்டு விலாசம்தான். இந்த வீட்டில் உன்னைச் சின்னவள் என்றுதானே கூப்பிடுகிறோம், பெரியவன் இல்லாமலா சின்னவள் வந்தாள்?

அந்த மனுக்கள்தான் உனக்குக் குழி என்று அம்மா நினைக்கிறாள். நேரே சொல்லமாட்டாள், நான் அடுத்த அறையில் இருக்கும்போது பெரியவனிடம் சத்தமாக, "உங்கப்பா அத வாபஸ் வாங்கினா ஒரு பிள்ளையாவது தேறும், கேட்டுச் சொல்லு" என்கிறாள். கேட்டாயிற்று, சொல்லியும் ஆயிற்று, வாங்கமாட்டேன். நான் எட்டாவதோடு நின்றவன், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர்கள் விதிப்புத்தகம் முழுவதையும் நானாகவே படித்தவன். வலிக்கிறது என்று சொன்ன பையனை நடிக்கிறாய் என்று சொல்லி, முதுகுச் சுமையோடு இன்னும் மூன்று சுற்று ஓடவிட்டு, முட்டி போன பிறகு "மனத்திடம் போதாமையால் விலக்கப்பட்டார்" என்று உத்தரவு எழுதினார்கள். அந்த முதல் இரண்டு சொல்லையும் அவர்கள் கையாலேயே அடித்து நீக்கும்வரை நான் எழுதுவேன். உனக்காகவும் நிறுத்தமாட்டேன். நீ அங்கே போகிறேன் என்றபோது நான் போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, அதையும் நினைவில் வை.

இனி செய்ய வேண்டியது. வந்தவர் கெட்டவர் இல்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது தணிந்த குரலில், "பதினஞ்சாந் தேதிக்குள்ள என் அறிக்கை போயாகணும் ஐயா, அதுக்கு முந்தி பொண்ண எழுதச் சொல்லுங்க" என்றார். விதிப்புத்தகம் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறது, அறிக்கை சேருவதற்கு முன் விண்ணப்பித்தவரே முன்வந்து திருத்தினால் அது திருத்தம், பிறகு எழுதினால் மறைத்த குற்றம், மறுபடி ஆயுளுக்கும் விண்ணப்பிக்க முடியாது. உன் கையெழுத்திலேயே எழுது. மறந்துவிட்டேன் என்று எழுதாதே, அண்ணனை எவளும் மறக்கமாட்டாள், பயந்து மறைத்தேன் என்று எழுது. அவனை விலக்கிய உத்தரவின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், அதையும் சேர்த்து அனுப்பு. அதை எடுத்துக் கொடுத்தவன் அவன்தான், "கால் விஷயத்தப் பாவமா எழுத வேணாம்னு சொல்லுங்க" என்றான்.

நேர்முகத்துக்கு அழைத்தால் அவனைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். தலையைக் குனியாதே, எனக்காக வாதாடவும் செய்யாதே, அது என் சண்டை. நடந்ததை நாலு வாக்கியத்தில் சொல்லி நிறுத்து, ஐந்தாவது வாக்கியத்தில்தான் மனிதன் மாட்டுவான். ஏன் சேர விரும்புகிறாய் என்றால் பயிற்சி வகுப்பில் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்காதே, அதையே அன்று நூறு பேரிடம் கேட்டிருப்பார்கள். மருத்துவப் பரிசோதனையில் பல்லையும் பார்ப்பார்கள், சொத்தைப் பல்லை இப்போதே அடைத்துக்கொள். பள்ளிச் சான்றிதழிலும் கல்லூரிச் சான்றிதழிலும் உன் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா பார். அண்ணன் சொல்லச் சொன்னது இரண்டு. ஓட்டத் தேர்வுக்குப் புது ஷூ போடாதே. உள்ளே போன பிறகு எங்காவது வலித்தால் வாயால் சொல்லாதே, எழுதிக் கொடு, தேதி போட்டு, நகல் வைத்துக்கொள்.

இவ்வளவும் செய்து இடம் கிடைக்காமலும் போகலாம், போகும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பழியை என் மேல் போடு, காலம் முழுவதும் திட்டு, தாங்கிக்கொள்கிறேன். நீ அதிகாரியாகி நடந்து வரும் நாளில் உன் அண்ணன் எதிரே வந்து உட்கார முடியாது என்றால், அந்த நாள் இந்தக் குடும்பத்துக்கு வேண்டாம்.

உன் கால் தளராமலும் நாக்கு பிறழாமலும் இருக்கட்டும், என் ஆசி எப்போதும் உண்டு. பதினைந்தாம் தேதி அடுத்த வார வெள்ளிக்கிழமை. வியாழனுக்குள் அங்கே சேருகிற மாதிரி பதிவுத் தபாலில் அனுப்பு, ரசீதைத் தொலைக்காதே. உறையில் விலாசம் எழுதியிருப்பது அம்மா. என் கையெழுத்தைப் பார்த்தால் நீ பிரிக்கமாட்டாய் என்று பேனாவை என் கையிலிருந்து பிடுங்கி அவளே எழுதினாள், அப்போதும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா