டியூப்பைக் காணோம்

1963, ஆனி 4, செவ்வாய்.

இந்த ஜீப் நடுக்காட்டில் படுத்துவிடும் என்று காலையிலேயே சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

சித்தன்னவாசல் பாறைப் பாதையில் கல் இடித்து, ரிம் நெளிந்து, முன்டயரின் காற்று முழுக்க இறங்கிவிட்டது. அந்தச் சத்தம் குளத்தூர் வரைக்கும் கேட்டிருக்கும். ஜீப்பை வாடகைக்கு எடுத்திருந்த சர்வேயர், "இனி ஒங்க வண்டி வேண்டாம்" என்று இறங்கி நடந்தார். என் அக்காள் மகன் சுப்பையாவுக்கு இருந்த ஒரே பிழைப்பு அந்த ஜீப்தான்.

சக்கரத்தைக் கழற்றிப் பஞ்சர் கடைக்கு உருட்டி வந்தோம். பஞ்சர்காரர் டயருக்குள் கையை விட்டுத் துழாவினார்.

"ஐயையோ, டியூப்பை எவனோ களவாண்டுட்டான்!"

கூட்டம் கூடிவிட்டது.

"இது புது மாதிரி டயருங்க, இதுக்கு டியூப்பே கெடையாது" என்றான் சுப்பையா. "எங்க மாமாதான் இத வாங்கச் சொன்னாரு. மலேயாவுல பத்து வருசம் இந்த டயர்லதான் பாறை மேல ஜீப் ஓட்டுனாராம்."

பஞ்சர்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, வெற்றிலையைத் துப்பினார். "அங்கிட்டுப் பாறையெல்லாம் பஞ்சுல செஞ்சதுங்களா? ரிம் நெளிஞ்சா இதுல காத்து நிக்காது; டியூப் இருந்தா நெளிசல் ரிம்முலயும் வண்டி வீடு வந்திருக்கும்."

சுப்பையா ஒரு வார்த்தை திட்டவில்லை. "சாப்பிட்டீங்களா மாமா?" என்று மட்டும் கேட்டான்.

மலேயாவில் நான் ஓட்டியது சைக்கிள். அதிலும் டியூப் இருந்தது.