ஓட்டைக்குத் தக்க மாடல்

நவ. 3, திங்கள்
காலையிலிருந்து மழை. செனாயில் தொழிற்சாலை கட்டும் சைட் முழுக்கச் சேறு. பூட்ஸைத் தூக்கி வைக்கவே அலுப்பு.

இந்தத் தொழிற்சாலைக்குப் பசுமைக் கட்டடச் சான்றிதழ் வேண்டுமாம். அதற்குத்தான் நான். கட்டுவதற்கு முன்பே கட்டடம் முழுவதையும் கணினியில் கட்டிப் பார்ப்பது, எது எங்கே இடிக்கும் என்று சொல்வது. பொருள் வீணாகாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

காண்ட்ராக்டர்களோடு கூட்டம். கழிவறைக்கு மழைநீர் கொண்டுபோகும் குழாய் இடம் மாறியதைக் கணினி மாடலில் காட்டினேன். பாதிப் பேர் கண் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தில். குழாய் வேலை எடுத்திருக்கும் பழனி அண்ணன் மட்டும் தலையாட்டினார். "பாத்தாச்சி தங்கச்சி. நோ ப்ராப்ளம் லா."

நவ. 5, புதன்
வெயில். மாடல் அளவுக்கே பட்டறையில் வெட்டிய குழாய்கள் வந்து இறங்கின. துண்டு மிச்சமே இல்லை. கொஞ்சம் சந்தோஷம்.

பழனி அண்ணனுக்கு மாடலின் லிங்க் மறுபடி அனுப்பினேன். கட்டைவிரல் வந்தது. திறந்து பார்த்த மாதிரி தெரியவில்லை. போன் போட்டேன். "சனிக்கெழமை கான்கிரீட் ஊத்தணும்மா. ஆளுங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன்."

வாங்க: குடை, அம்மாவுக்குத் தைலம்.

நவ. 10, திங்கள்
கான்கிரீட் போட்டாயிற்று. குழாய்க்கு விட்ட ஓட்டைகள் பழைய இடத்தில்!

பழனி அண்ணன் போனை நீட்டினார். எப்போதோ வாட்ஸ்அப்பில் வந்த பழைய வரைபடம். அதைப் பெரிதாக்கிப் பார்த்தே வேலை முடித்திருக்கிறார். "நீங்க காட்டுனது அழகா இருந்திச்சி. சர்ட்டிபிகேட்டுக்குன்னு நெனச்சேன்மா." பொய்யில்லை. இங்கே எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

தளத்தில் புது ஓட்டை போடலாமா என்று எங்கள் பாஸிடம் கேட்டேன். பாஸ்: "வியாழக்கெழம சர்ட்டிபிகேட் ஆடிட்டர் வராரு. ஓட்ட இருக்கிற எடத்துக்கே பைப்ப கொண்டு போ."

"மாடல்ல?"

"மாடல்லயும்தான் லா."

மறுத்திருக்கலாம். உட்கார்ந்து மாற்றினேன். புது இடத்து அளவுக்கு வெட்டி வந்த குழாய்கள் இனி எதற்கும் ஆகாது.

நவ. 13, வியாழன்
தூறல். வீணான குழாய்கள் குப்பைத் தொட்டி ஓரமாக, மேலே கான்வாஸ்.

ஆடிட்டர் நம்ம ஆள்தான், ஜோகூர் பாருவிலிருந்து. மாடலையும் தளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அலமாக்! அப்படியே இருக்கே. காண்ட்ராக்டருங்க மாடல பாத்து கட்டுறது இங்கதான் பாக்குறேன்." பழனி அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும்.

சாயங்காலம் பாஸ் வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. "கெலாங் பாத்தாவுல காண்ட்ராக்டருங்களுக்கு ஒரு டாக் வைக்கிறாங்க. மாடல பாத்து எப்படி கட்டுறதுன்னு. ஆடிட்டர் ஒன் பேரத்தான் சொன்னாரு. நானும் சரின்னுட்டேன். இந்த சைட் படமெல்லாம் போட்டு காட்டு."

வெட்கமாக இருந்தது. தலையாட்டினேன்.

வீட்டுக்குக் கிளம்புமுன் மேலே போய், டாக்கில் காட்ட அந்த ஓட்டைகளைப் படம் எடுத்தேன். தெளிவாக வந்திருக்கிறது.