உன் எண்ணுக்குப் போகும் ஓடிபி

இன்று ஆயக்குடியில் உன் வீட்டு அடுப்படிக் கேமராவைக் கழற்றியபோது, ஒயரில் நீ சுற்றிவைத்திருந்த கறுப்பு டேப் விரலில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பசை வாசத்தில் கொஞ்ச நேரம் எனக்கு வேலையே ஓடவில்லை. நாம் சேர்ந்து மலை மேல் மாட்டிய கேமராக்களில் எல்லாம் இதே டேப்தான்.

கூக்கால் தோட்டத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? மத்தியானம் ஏணி மேல் உட்கார்ந்து, போனில் இந்த அடுப்படியைப் பார்த்தபடி, "ம்மா, மொதல்ல நீ தட்டுல போடு, நான் பாக்கணும்" என்று அதட்டினாய். "நீ சாப்ட்டியாலே?" என்று அம்மாவின் குரல் வந்தது. கீழே நின்ற தோட்டக்காரர் நாம் மாட்டும் கேமராதான் பேசுகிறது என்று மிரண்டுபோனார். நீ குலுங்கிச் சிரித்ததில், ஏணியைப் பிடித்திருந்த எனக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது.

மழை நாளில் மலைப்பாதை வளைவில் உன் பைக் சறுக்கி நீ போன பிறகும், அம்மா அதே நேரத்துக்குக் கேமரா முன்னால் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் சாப்பிடுகிறார். போன வாரம் நெட் கம்பெனிக்காரர்கள் வீட்டில் புது ரூட்டர் வைத்தார்கள். "கேமராவுல பச்சையா எரிஞ்ச வெளக்கு செவப்பாயிருச்சுய்யா, வெரசா வா" என்று போன் செய்தார். தனியாக இருப்பவர். இனி நானாவது கொடைக்கானலிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினேன்.

கோளாறுக்குக் காரணம் நீதான். "கரண்டு போயிட்டு வந்தா ரூட்டர் வேற அட்ரஸ் குடுத்துரும், தேடி அலையணும்" என்று ஒவ்வொரு கேமராவுக்கும் ஐபி முகவரியைக் கையால் போட்டு நிலையாக்கிவிடுவாய். ரூட்டர் மாறியதும் வீட்டின் நெட்வொர்க்கே வேறாகிவிட்டது. கேமரா மட்டும் பழைய முகவரியிலேயே பிடிவாதமாக உட்கார்ந்திருந்தது, உன்னைப் போலவே. பாஸ்வேர்டு உன்னோடு போய்விட்டது. ரீசெட் செய்து, புது முகவரியும், வெளியே போகும் வழியான கேட்வேயும் போட்டதும் வீட்டு நெட்வொர்க்கில் இருந்த லேப்டாப்பில் படம் வந்தது. வெளியூரிலிருந்து பார்க்க வேண்டிய என் போன் ஆப்பில் வரவில்லை. கேமரா இன்னும் உன் கணக்கில் இருக்கிறதாம். அதை விடுவிக்க ஓடிபி உன் எண்ணுக்குத்தான் போகுமாம். கஸ்டமர் கேரில் கேட்டால் உன்னையே பேசச் சொல்கிறார்கள்.

உன் எண்ணுக்கு அடித்தேன். யாரோ ஒரு பெண் எடுத்தார். அந்த எண் இப்போது அவருடையது. எல்லாவற்றையும் சொன்னேன். "ஓடிபியெல்லாம் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு தெனமும் சொல்றாங்கங்க" என்று வைத்துவிட்டார். அவர் மேல் என்ன தப்பு? எனக்கு அழுகைதான் வந்தது.

அம்மா தட்டோடு வந்து நின்றார். "சரியாயிருச்சாய்யா?"

"வீட்டுக்குள்ள தெரியும்மா. மலைக்குத் தெரியாது" என்றேன்.

அம்மா கேமராவை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நான் பேசுறது இங்கனக்குள்ளயேதான் கெடக்குமா?"

இப்போது பஸ் மலையேறிக்கொண்டிருக்கிறது. அவர் கேட்டதை உன்னிடம் தவிர வேறு யாரிடம் கொண்டுபோவது என்று எனக்குத் தெரியவில்லை.