நான்கு பேட்டரிகளுக்குக் காவல்

நவம்பர் 4, செவ்வாய்

மழை விட்டும் வெயில் இல்லை. மொட்டைமாடி சோலார் பேனல்கள் சும்மா கிடக்கின்றன. மாமனாரின் ஆக்ஸிஜன் மெஷின் படிக்கட்டுக்கு அடியிலுள்ள நான்கு பேட்டரிகளை நம்பித்தான் ஓடுகிறது. ஊரப்பாக்கத்தில் ஊரெல்லாம் ஈ.பி. கரண்ட், மனை வழக்கு கோர்ட்டில் இருப்பதால் எங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை. சோலார் போதும் என்று என் வீட்டுக்காரர் ஜேசன்தான் முடிவு செய்தார். காலையில் ரயிலேறி ஆபீஸ் போய்விடுகிறார். பேட்டரியோடு இருப்பது நான்.

நவம்பர் 6, வியாழன்

கூட வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி போன் செய்தாள். நான் வேலையை விட்ட அதே தாம்பரம் பள்ளியில் கணக்கு டீச்சர் இடம் காலியாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என்னத்த யோசிக்கிறது? கடைக்குப் போனாலே இன்வெர்ட்டர் கத்துவது போல் காதில் கேட்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

இந்த வாரமும் சர்ச்சுக்கு ஜேசன் மட்டும்.

மதியம் இன்வெர்ட்டர் திடீரென்று நின்றது. பாதிக்கு மேல் சார்ஜ் இருப்பதாகக் காட்டியதே! மாமாவை ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு, பேட்டரிக்குச் சுமை கொடுக்க மெஷினை மறுபடி ஓடவிட்டு, வோல்ட் மீட்டரை ஒவ்வொரு பேட்டரியிலும் வைத்துப் பார்த்தேன். மூன்று நன்றாக இருந்தன. சுவரோரம் இருப்பதில் மட்டும் வோல்ட் சரசரவென்று இறங்கியது. தொட்டால் சுடுகிறது. மூடியைத் திறந்தால் ஓர் அறையில் தண்ணீர் வற்றித் தகடே வெளியே தெரிகிறது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினேன். சரியாகிவிடும் என்றார் ஜேசன்.

நவம்பர் 11, செவ்வாய்

சரியாகவில்லை. மெக்கானிக் லாசரஸ் வந்து பார்த்தார். தகடு காய்ந்த அந்த அறை செத்துவிட்டது. நான்கும் ஒரே வரிசையில் கோத்திருப்பதால், அது ஒன்று விழுந்தாலே எல்லாம் தீர்ந்ததென்று இன்வெர்ட்டர் நிறுத்திவிடுமாம். பழசோடு ஒரு புதுசைச் சேர்த்தால் அதுவும் சீக்கிரம் போய்விடும், நான்கையும் மாற்றுங்கள் என்றார்.

ஜேசனிடம் சொன்னேன். "மழை முடியட்டும் ஹெப்சி. அதான் நீ வீட்லயே இருக்கியே."

நான் வீட்லயே இருக்கேன். ஆமா. இருக்கேன்.

நவம்பர் 13, வியாழன்

காலையிலிருந்து இருட்டு. பிரிட்ஜ், ஃபேன், எல்லாவற்றையும் அணைத்தேன். அப்படியும் பத்து மணிக்கே இன்வெர்ட்டர் நின்றது. சிலிண்டரில் முள் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மாமாவின் உதடு நீலம் பூத்திருந்தது.

அவர் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: "என்னைச் சாக்கு வச்சு உன்னையும் பூட்டி வச்சிட்டான்மா. ரெண்டு பேரும் இந்த வீட்ட விட்டுப் போயிடலாம்."

ஆட்டோ பிடித்து மெஷினையும் ஏற்றினேன். சிலிண்டரைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டேன். வண்டலூர் தாண்டும்வரை அவர் என் கையை விடவில்லை. தாம்பரத்தில் நாத்தனார் ரேஷ்மா வீட்டில் மெஷினைச் சொருகினேன். ஓடியது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஜேசன் போனில் கத்தினார். நான் கத்தவில்லை. "இனிமே பேட்டரியை நீங்க பாத்துக்கோங்க" என்றேன்.

நவம்பர் 21, வெள்ளி

ரேஷ்மா தெருவிலேயே மாடி போர்ஷன் ஒன்று கிடைத்தது. மாமாவும் நானும் பால் காய்ச்சினோம்.

நவம்பர் 30, ஞாயிறு

நாளை பள்ளியில் சேர்கிறேன். பகலில் மாமாவை ரேஷ்மா பார்த்துக்கொள்வாள்.

மாலை ஜேசன் வந்தார். இளைத்திருந்தார். நான்கு பேட்டரியும் புதிதாகப் போட்டுவிட்டாராம். "இப்ப வரலாம்ல?"

"நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போயிட்டா அங்க யாரு காவல் இருக்கிறது?"

ஜேசன் மாமாவின் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்புவார் என்று டீ போட்டேன். குடித்து முடித்து டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்தார்.

பாயை எங்கே விரிப்பது என்று கேட்டார்.