ஏழு எலிகளின் குடல்கோழை

அன்புள்ள அம்மாவுக்கு, அல்மாட்டியிலிருந்து ஷோல்பான் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

ஆட்டுக்குடல் கழுவும்போது கையில் வழுக்குமே, அந்தக் கோழையைத்தான் இங்கே ஆய்வுக்கூடத்தில் எலிக்குடலிலிருந்து நாள் முழுக்கச் சுரண்டுகிறேன். குடல் நரம்பில் சுரக்கும் ஒரு பொருளைக் கூட்டினால் கோழை தடிக்கிறதா என்று பார்க்கிறோம். கோழை மெலிந்தால் குடலைக் கிருமி அரித்துவிடும். சாப்பிடும் ரொட்டியிலும் அந்த நாற்றம்தான்.

போன வாரம் ஏழு எலிகளில் இரண்டுக்குக் கோழை தடிக்கவில்லை. எங்கள் தலைவர் எர்மெக் சிரித்துக்கொண்டே, "அந்த ரெண்டையும் எழுதாதம்மா, யாரு எண்ணிப் பாக்கப் போறா?" என்றார். கோழையைப் பார்த்து வராத குமட்டல் அந்தச் சிரிப்பைப் பார்த்து வந்தது. "ஏழு எலியக் கொன்னிருக்கோம்ணே" என்று சொல்லிவிட்டு ஏழையும் பதிவேட்டில் எழுதினேன். பக்க எண் அச்சிட்ட பதிவேடு, மையில் எழுதியது; அவரால் அதை அழிக்க முடியாது. மறுநாளிலிருந்து எனக்குக் கூண்டு கழுவும் வேலையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். எலி மூத்திரம் கண்ணை எரிக்கிறது, அவ்வளவுதான். கவலைப்படாதீர்கள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் உலர்தயிர் உருண்டை கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். உங்கள் கம்பளிச் சால்வையையும். அதைத் துவைக்க வேண்டாம், நீங்கள் போர்த்தியபடியே அனுப்புங்கள்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உங்கள் ஷோல்பான்