அத்தி மரத்தடியில் புகை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று பயந்துவிடாதே. போன வாரம் வீடியோவில் கேமராவை அக்கா மரத்துப் பக்கம் திருப்பச் சொன்னாய், நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது தம்பி, மரம்தான் இல்லை. அத்தியை வெட்டிவிட்டோம். அதைப் போனில் சொல்ல என்னால் முடியவில்லை, அப்பாவைச் சொல்லச் சொன்னால் நீயே சொல் என்று செய்தித்தாளுக்குள் தலையைப் புதைத்துக்கொள்கிறார். நீ லீவில் வந்து மரத்தைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன், கோபப்படாமல் கடைசிவரை படி.

நல்ல மழை பெய்தால் நம் தெருக் கோடியில் பள்ளத்தில் இருக்கிற வீடுகளில் கழிவுநீர் குளியலறை வழியாக மேலே ஏறி வருமே, அது இப்போது ரொம்ப மோசமாகிவிட்டது. பாதாளச் சாக்கடைக் குழாய் வீட்டுக் கழிவுக்கு மட்டும்தான், மழைக்குத் தெருவோரம் தனி வடிகால் இருக்கிறது. ஆனால் மழைத் தண்ணீரும் மண்ணில் ஊறுகிற தண்ணீரும் எங்கிருந்தோ சாக்கடைக்குள் புகுந்துவிடுவதால் அது தாங்காமல் பள்ளத்து வீடுகளில் எதுக்களிக்கிறதாம். எங்கிருந்து புகுகிறது என்று பார்க்க நகராட்சியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மேன்ஹோல் மூடியைத் திறந்து ஒரு பெரிய காற்றாடியை வைத்து உள்ளே வெள்ளைப் புகையை ஊதினார்கள். புகை எந்த வழியாக வெளியே வருகிறதோ அந்த வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போகிறது, அவ்வளவுதான் கணக்கு. எதிர்வீட்டு ஆடிட்டர் இருக்கிறாரே, தன் வீட்டில் எல்லாம் சட்டப்படி என்று வாசலில் நின்று பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தார், அவர் தலைக்கு மேலே மொட்டைமாடி மழைத்தண்ணீரைச் சாக்கடையில் விடுகிற குழாய் குபுகுபுவென்று புகை விட்டது. தெருவே சிரித்தது, நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் கொடியில் கிடந்த துணியை எடுக்கலாம் என்று பின்பக்கம் போனேன். அத்தி மரத்தடியில் மண்ணுக்குள்ளிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

மெதுவாக, சத்தமே இல்லாமல், வேரைச் சுற்றி எழுந்து அடிமரத்தைத் தழுவிக்கொண்டு மேலே போனது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா, உன் அக்காதான் என்னிடம் ஏதோ சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். புகைக்கார ஆள் எட்டிப்பார்த்து, இங்கேயும் ஒன்று என்று குரல் கொடுத்து, சிவப்புக் கொடி ஒன்றை நட்டுவிட்டுப் போகும்வரை அப்படியேதான் நின்றேன். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின மாதம் அக்கா ஆபீஸ் தோழி வீட்டிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த குச்சி அது. இந்த மூலை எப்போதும் ஈரமாக இருக்கிறது, இங்கேயே வைக்கிறேன் என்று அவள்தான் இடம் பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "அம்மா, என் அத்திக்குத் தண்ணி ஊத்தச் சொல்லும்மா" என்றாள். யாருக்கு அது ஞாபகம் இருந்தது. எல்லாம் முடிந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தால் அது பச்சைப்பசேலென்று துளிர்த்து நிற்கிறது. அதற்கப்புறம் எத்தனை கோடை வந்தது, ஊரே காய்ந்தபோதும் அதில் ஒரு இலை வாடவில்லை. அவள் மரத்துக்கு அவளே ஊற்றிக்கொள்கிறாள், நாம் யார் நடுவில் என்று நான் ஒரு செம்பு தண்ணீர்கூட ஊற்றியதில்லை. அந்த ஒரு நினைப்பில்தான் நான் எழுந்து நடமாடினேன் தம்பி.

மறுநாள் குழாய்க்குள் கேமரா விட்டுப் படத்தை எனக்கும் காட்டினார்கள். மரத்துக்கு நேர் கீழே நம் வீட்டு மண்குழாய் உடைந்து கிடக்கிறது. வெயில் காலத்தில் அதிலிருந்து கசிந்ததைத்தான் மரம் குடித்திருக்கிறது, மழைக் காலத்தில் மண்ணில் ஊறுகிற தண்ணீரெல்லாம் அதே உடைசல் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. அவள் ஊற்றுகிறாள் என்று நான் நினைத்ததெல்லாம் சாக்கடைத் தண்ணீர். பார்த்துவிட்டு வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன், அவள் போன அன்றுகூட அப்படி அழவில்லை. உடைசல் வழியாக வேரும் குழாய்க்குள் புகுந்திருக்கிறது, மரத்தை எடுத்தால்தான் புதுக் குழாய் நிற்கும் என்றார்கள். அப்பா சும்மா விடவில்லை. குழாயை வேறு பக்கம் திருப்ப முடியாதா என்று கேட்டார், தண்ணீர் ஓட வாட்டம் கிடைக்காது என்றார்கள். வேரை மட்டும் வெட்டுங்கள் என்று கெஞ்சினார், மறுபடி வளர்ந்துவிடும் என்றார்கள். கடைசியில், என் பிணத்தைத் தாண்டித்தான் மரத்தில் கை வைக்கணும் என்று கத்திவிட்டார், அந்த மனுஷன் குரலை உயர்த்தி நீ கேட்டிருக்கிறாயா.

அன்று சாயங்காலம் பள்ளத்து வீட்டு நர்ஸ் வந்தாள், போன வருஷம் பிள்ளை பெற்றாளே அவள்தான். மரத்தைப் பற்றித் தெருவுக்கே தெரியும். அவள் சொன்னாள்: "வெட்டுங்கன்னு கேக்க எனக்கு வாய் வரலைம்மா. மழை வந்தா பிள்ளையைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு, தண்ணி வடியுற வரைக்கும் கட்டில் மேல நிக்கிறேன். ரெண்டு தடவை அதுக்கு வயித்தால போயி ஆஸ்பத்திரியில வெச்சிருந்தோம்." ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டதும் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்து, நாளைக்கு வந்து வெட்டச் சொல் என்றார். என் பிள்ளை மரத்துக்காக இன்னொருத்தி பிள்ளை படுக்க வேண்டுமா, நானும் சரி என்றேன். சரி என்று சொன்ன வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வெட்டும்போது நான் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டேன். குழாயைத் தோண்டி எடுத்தபோதுதான் வெளியே வந்தேன். உள்ளேயிருந்து வேரை உருவினார்கள். குழாயின் வடிவத்துக்கே வளர்ந்து, மேலே தடிமனாக, வர வர மெலிந்து, நுனியில் பிரிபிரியாக, இடுப்புக்குக் கீழே தொங்குகிற நீளம். ஜடை தம்பி. தினமும் காலையில் நான் பின்னிவிட்ட ஜடை, ஆஸ்பத்திரியில் கொத்துக்கொத்தாகக் கொட்டிப்போனதே அது. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க நான் போய்க் கையில் வாங்கிக்கொண்டேன். புகைக்கார ஆள் பதறிப்போய், கை கழுவுங்கம்மா, கை கழுவுங்கம்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பாதான் மெதுவாக என் விரலைப் பிரித்து அதை வாங்கினார்.

இப்போது புதுக் குழாய் போட்டு மண்ணை மூடியாயிற்று. பத்து நாள் முன்னால் கொட்டு கொட்டென்று கொட்டியது, பள்ளத்தில் ஒரு வீட்டிலும் ஏறவில்லை என்று நர்ஸ் போன் பண்ணிச் சொன்னாள். நல்லது, அந்தக் குழந்தை நன்றாக இருக்கட்டும். நீ எங்கள் மேல் வருத்தப்படு, ஆனால் வராமல் மட்டும் இருந்துவிடாதே. குளிர் வந்துவிட்டதாமே, காதை மூடிக்கொண்டு போ. உடம்பைப் பார்த்துக்கொள், தொலைவில் இருந்தாலும் எங்கள் ஆசீர்வாதம் உன் கூடவே இருக்கிறது. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மழை விட்டு வெயில் வந்ததும் அந்த மூலை சுத்தமாகக் காய்ந்துபோய் வெடிப்பு விடுகிறது, இத்தனை வருஷத்தில் நான் அந்த மண்ணைக் காய்ந்து பார்த்ததே இல்லை. அதனால் தினமும் காலையில் ஒரு வாளி தண்ணீர் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வருகிறேன். அங்கே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். அப்பாவும் பார்த்தார், மறுநாளிலிருந்து வாளியை அவரே நிரப்பி வைத்துவிடுகிறார். ஊற்றச் சொல்லிவிட்டுத்தானே போனாள்.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா