தலையாட்டினால் சிலியில் கேட்குமா?

அக்கா,

ஆபீஸ் ஹெட்போனின் பஞ்சு கிழிந்துவிட்டது. மாற்றலாம் என்று இன்று காலை பிரித்தேன். உங்கள் நீலகிரித் தைல வாசம் குப்பென்று வந்தது. நெற்றிப்பொட்டில் தைலம் தடவாமல் நீங்கள் எந்தப் போனையும் எடுத்ததில்லை. புதுப் பஞ்சு மேஜையிலேயே கிடக்கிறது. மாற்ற மனம் வரவில்லை.

குன்னூரிலிருந்து சிலி நாட்டுக்கு நம் தேயிலை போகத் தொடங்கியபோது, நம் இருவரையும் ஸ்பானிஷ் படிக்கச் சொன்னார்கள். என்னைவிட உங்களுக்கு நன்றாகவே வந்தது. வராதது ஒன்றுதான். அந்த மொழியில் ஒருவர் பேசும்போது கேட்பவர் சும்மா இருக்கக் கூடாது. “ஸீ, ஸீ”, “க்ளாரோ” என்று, நம் ஊரில் ஆமாம், அதானே என்பது போல, விடாமல் உம் கொட்ட வேண்டும். பேசுகிறவருக்கு அதுதான் தெம்பு. நீங்களோ கண்ணை மூடி, மெல்லத் தலையாட்டிக்கொண்டே கேட்பீர்கள். சிலிக்காரர் பாவம், பாதியில் நிறுத்திவிட்டு, “லைனில் இருக்கிறீர்களா?” என்பார்.

“தலையாட்டுனா சிலியில கேக்குங்களா அக்கா? வாயத் தொறந்து க்ளாரோன்னு சொல்லுங்க.”

“ஒருத்தர் மனசு விட்டுப் பேசையில நடுவுல பூந்து கத்தச் சொல்றியே அம்மிணி. கேக்கறதுக்குக் காது போதாதா?”

எல்லோர் முன்னிலையிலும் உங்களைப் போலவே தலையாட்டிக் காட்டிச் சிரித்தேன். நீங்களும் சேர்ந்து சிரித்ததால் அது தப்பாகத் தெரியவில்லை.

ஓய்வு பெற்று ஓவேலிக்கு, மகள் வீட்டுக்குப் போனீர்கள். மூச்சு வாங்குகிறது, பேசவே சிரமப்படுகிறீர்கள் என்று கேள்விப்பட்டுப் போன் செய்தேன். “நான் பேசறனுங்க, நீங்க கேட்டாப் போதும்” என்று நானேதான் சொன்னேன். மேனேஜர் கதையெல்லாம் முடித்து, “நீங்க இல்லாம இங்க உக்காரவே புடிக்கலீங்க அக்கா” என்றேன். சத்தமே இல்லை. “ஹலோ? கேக்குதுங்களா?” மழை பெய்தால் ஓவேலியில் சிக்னல் போவது வழக்கம்தானே. அலுத்துக்கொண்டு வைத்துவிட்டேன். நாளைக்குக் கூப்பிடலாம் என்றே நாட்கள் ஓடின. அப்புறம் உங்கள் மகள்தான் கூப்பிட்டாள், நீங்கள் போய்விட்டீர்கள் என்று சொல்ல.

காரியத்துக்கு வந்தபோது அவள் சொன்னாள்: “அன்னிக்கு லைன் கட்டாகலீங்க சித்தி. அம்மா போனைக் காதுல வெச்சுத் தலையாட்டிட்டே இருந்தாங்க. நீங்க வெச்சப்புறமும் ஆட்டிட்டு இருந்தாங்க. இன்னும் பேசுவீங்கன்னு நெனச்சாங்களோ என்னமோ.”

அது என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. உங்கள் மௌனத்தை என்னைவிட அறிந்தவர் யார்? கேலி செய்யத் தெரிந்த எனக்கு, அன்று அது நீங்கள்தான் என்று தெரியவில்லையே.

இன்று அந்தப் பழைய பஞ்சோடுதான் சிலிக்காரரிடம் பேசினேன். அவருடைய அம்மா தவறிவிட்டாராம். விலை பேச வந்தவர் அம்மாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். க்ளாரோ சொல்லிப் பழகிய என் வாய் திறக்கவில்லை. “லைனில் இருக்கிறீர்களா?” என்றார். அப்போதுதான் பார்த்தேன், நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

இருக்கிறேன் என்றேன். அவர் வைக்கும்வரை நான் வைக்கவில்லை. இப்போதெல்லாம் யாரிடமும் நான் முதலில் வைப்பதில்லை, அக்கா.